மயான காண்டம் மண்டபத்தில் பார்க்கப் போகிறவர்களுக்கு: எந்தக் கதிரை, எதைக் கவனிப்பது? (திருகோணமலை)

#1 உட்துறைமுகவீதி

அடுத்த மாதம் நகரத்தில் ஒரு மண்டபத்தில் அரிச்சந்திர மயான காண்டம் போடுகிறார்கள், இசை நாடகமாக. அழைப்பிதழில் மாலை 5.30 என்று இருக்கிறது. நாடகம் இரண்டரை மணித்தியாலமாம். வீட்டில் எல்லாரும் சினிமா பார்த்துப் பழகிய ஆட்கள். 74 வயது அம்மாவும் 9 வயதுப் பிள்ளையும் வருவார்கள்.

எந்த வரிசையில் இருந்தால் நல்லது? கதையைச் சொல்லிக் கூட்டிப் போவதா, சொல்லாமலா? பிள்ளை பயப்படுமா? இன்னொன்று, இசை நாடகம், ஸ்பெஷல் நாடகம், கொட்டகைக் கூத்து எல்லாம் ஒன்றா?

#2 பின்பாட்டு

கடைசிக் கேள்விக்குச் சுருக்கமான பதில்: சரக்கு ஒன்றுதான். தமிழ்நாட்டில் ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். இங்கே கொட்டகை போட்டு ஆடினதால் கொட்டகைக் கூத்து. இசை நாடகம் என்பது பிறகு வந்த மரியாதைப் பெயர். வேர் சங்கரதாஸ் சுவாமிகளிடம் (1867–1922) இருக்கிறது. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி எல்லாம் அந்தப் பரம்பரை. நம் நாட்டில் மயான காண்டம் என்றால் முதலில் வருகிற பெயர் நடிகமணி வி.வி. வைரமுத்து (1924–1989). இன்றைக்கும் பெரியவர்கள் எந்த ராஜபார்ட்டையும் (கதாநாயக வேடக்காரரையும்) அவரோடு வைத்துத்தான் நிறுப்பார்கள்.

கதையைச் சொல்லியே கூட்டிப் போங்கள். முழு அரிச்சந்திரா விடிய விடிய ஓடும் நாடகம். மயான காண்டம் அதன் பின்பகுதி மட்டும், அதனால் திரை விலகும்போதே பாதிக் கதை முடிந்திருக்கும். பிள்ளைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: அரிச்சந்திரன் அயோத்தி அரசன், பொய் சொல்லாதவன். அவனைப் பொய் சொல்ல வைக்கிறேன் என்று வசிட்டரிடம் சவால் விட்டவர் விசுவாமித்திரர். நாட்டை அவரிடம் இழந்து, மிச்சக் கடனுக்காகக் காசியில் மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காலகண்டன் என்ற பிராமணனுக்கு விற்கிறான். தன்னைச் சுடுகாட்டுத் தலைவன் வீரவாகுவுக்கு விற்கிறான். தர்ப்பை பறிக்கப் போன மகனைப் பாம்பு தீண்டுகிறது. தாய் பிணத்தைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் மயானத்துக்கு வருகிறாள். காவல் நிற்பவன் புருசன் என்று அவளுக்குத் தெரியாது, வந்தவள் பெண்சாதி என்று அவனுக்கும் தெரியாது.

அதன் பிறகு நடக்கும் பேரம்தான் நாடகத்தின் உயிர். பிணம் சுடக் கூலி முழத்துண்டு, கால்பணம், வாய்க்கரிசி. துண்டும் பணமும் ஆண்டை வீரவாகுவுக்கு, வாய்க்கரிசி காவல்காரனுக்கு. அரிச்சந்திரனால் தன் பங்கை விட்டுக்கொடுக்க முடியும், ஆண்டையின் பங்கை விட முடியாது. இந்தக் கணக்கு விளங்காதவருக்கு அவன் கல்நெஞ்சக்காரன் போலத்தான் தெரிவான். விளங்கினால் ஒவ்வொரு வரியும் உறைக்கும். இதை வீட்டிலேயே பிள்ளைக்கு விளங்கப்படுத்திவிடுங்கள்.

#3 சல்லரி

கதிரை விசயம். நம் ஊர் மண்டபங்களில் தளம் பெரும்பாலும் சமதளம், சரிவு இல்லை. மேடை ஏறத்தாழ ஒரு மீற்றர் முதல் 1.2 மீற்றர் உயரம். கதிரையில் இருப்பவரின் கண் தரையிலிருந்து 1.1 – 1.2 மீற்றர். அதாவது கண்ணும் மேடைப் பலகையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். முன்வரிசையில் இருந்தால் மேடை விளிம்பில் நிற்பவரை அண்ணாந்து பார்க்க வேண்டும், பின்னால் கிடத்தியிருக்கும் பிள்ளையின் உடல் தெரியவே தெரியாது. மயான காண்டத்தில் அந்த உடலைச் சுற்றித்தான் முக்கால் மணித்தியாலம் நடக்கிறது.

ஐந்தாம் வரிசையிலிருந்து எட்டாம் வரிசை வரை நல்லது. நடுப்பாதை ஓரமாக எடுங்கள், முன்னால் இருப்பவரின் தலை குறுக்கே வந்தால் சரிய இடம் இருக்கும். முதல் இரண்டு வரிசையில் வெள்ளைத்துணி போட்ட கதிரைகள் எப்படியும் பிரமுகர்களுக்கு. அவர்கள் உரை முடிந்து எழும்பிப் போனதும் அந்த இடத்துக்குப் பாய்கிற ஆட்கள் உண்டு. பாயாதீர்கள்.

பிள்ளைக்குக் கதிரையில் ஒரு தலையணை போட்டால் 10 சென்ரிமீற்றர் கூடும். அதுவே போதும்.

#4 மிக்சர்மேசை

சல்லரி கண்ணுக்குச் சொன்னார், நான் காதுக்குச் சொல்கிறேன்.

மண்டபத்துக்குள் போனதும் ஸ்பீக்கர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேடையின் இரு பக்கமும் மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. மண்டபத்தின் நடுப்பகுதிச் சுவரிலும் பெட்டி தொங்கினால் அதன் கீழே இருக்காதீர்கள். ஒலி ஒரு மீற்றர் போக ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் எடுக்கும். மேடையிலிருந்து 18 மீற்றரில் தொங்கும் பெட்டிக்குக் கம்பி வழியே உடனே ஒலி வந்துவிடும், மேடைக் குரல் 50 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தி வரும். அந்த இடைவெளிக்கு மேல் போனால் காது இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும், வசனம் இரட்டிக்கும். மிக்சரில் டிலே போட்டு அந்தப் பெட்டியை 60 – 65 மில்லிசெக்கன் தாமதிக்க வைத்தால் தீரும். செய்கிறவர் குறைவு. கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போட்ட அதே செற்றிங்கில் நாடகத்தையும் ஓட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது நடிகர் மேல் குத்தும் சின்ன ஒலிவாங்கி. அதை நெஞ்சில் குத்தினால் பதக்கமும் மாலையும் உரசிக் கரகரக்கும். டோப்பாவின் முன் விளிம்பில், நெற்றிமயிருக்குள் ஒளித்து வைப்பதுதான் சரி. அப்போதும் ஒரு இடத்தில் கெடும்: சந்திரமதி அரிச்சந்திரனின் காலில் விழும் இடம். இரண்டு ஒலிவாங்கியும் அருகருகே வந்து, ஒரே குரல் இரண்டிலும் சிறு நேர வித்தியாசத்தோடு ஏறும். குரல் குழாய்க்குள்ளால் வருவது போல் உள்ளீடற்றுப் போகும். அந்த நேரம் ஒன்றின் சத்தத்தைக் கையால் இறக்க வேண்டும். மிக்சரில் நிற்பவர் நாடகத்தை முன்பே ஒருமுறையாவது பார்த்திராவிட்டால் இது நடக்காது.

#5 பின்பாட்டு

தம்பி மிக்சர்மேசை, அதனால்தான் சொல்கிறேன், இந்த நாடகத்துக்கு ஆளுக்கு ஒரு ஒலிவாங்கி தேவையே இல்லை. முன்மேடை நடுவில் ஒன்று, நின்றபடி. பாட்டு வரும்போது நடிகர் அதனருகே வருவார், வசனத்துக்கு விலகுவார். 200 பேர் கொள்ளும் மண்டபத்தில் பயிற்சி உள்ள குரலுக்கு அதுவும் தேவையில்லை.

இந்தப் பாட்டுகள் ஒலிபெருக்கி இல்லாத காலத்துக்குக் கட்டப்பட்டவை. கட்டை (சுருதியின் அளவு) ஏற்றிப் பாடியதே கொட்டகையின் கடைசிப் பாய் வரை கேட்கத்தான். ராஜபார்ட் நாலரை, ஐந்து கட்டையில் பாடுவார், சிலர் ஐந்தரைக்கும் போவார்கள். சாதாரண ஆண் பாடகர் கச்சேரியில் ஒன்று, ஒன்றரையில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1920களில் கொழும்பு மேடையில் சேர்ந்து நின்றபோது சனத்தைப் பிடித்தது அந்த உச்சக் குரல்தான். ஐந்து கட்டைக் குரலை ஒலிவாங்கிக்குள் ஊற்றி நான்கு பெட்டியால் அடித்தால், அம்மாவின் வயதில் இருப்பவர்கள் இடைவேளைக்கு முன்னமே தலையிடி என்று எழும்பிவிடுவார்கள்.

#6 மிக்சர்மேசை

ஐயா சொல்வது 200 பேர் மண்டபத்துக்குச் சரி. 600 பேர், தலைக்கு மேல் பத்து மின்விசிறி, வெளியே ஓட்டோ, பின்வரிசையில் கைபேசி: அங்கே நடுவில் நிற்கும் ஒற்றை ஒலிவாங்கி வசனத்தைப் பிடிக்காது. நடிகரும் அதை விட்டு நகர முடியாமல் கட்டிப்போட்டது போல் நிற்பார். மயானத்தில் அரிச்சந்திரன் கோலை ஊன்றி நடக்கும் நடை போய்விடும். என் சமரசம்: மேடை விளிம்பில் தரையோடு மூன்று தட்டை ஒலிவாங்கி, ஆர்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்றும் வேண்டாம். தரை ஒலிவாங்கிக்குக் கீழே மெல்லிய ஸ்பொன்ஞ் வைக்காவிட்டால் காலடி இடியாய் விழும். சத்தமும் பேச்சு விளங்கும் மட்டில் நிற்க வேண்டும், அதற்கு மேல் ஒரு பிடி கூட ஏற்றக்கூடாது.

#7 பின்பாட்டு

அதற்கு நான் எதிர்ப்பில்லை.

#8 உட்துறைமுகவீதி

நன்றி. பாட்டுகளில் எதைக் கவனிப்பது? ஆர்மோனியத்துக்குப் பதில் கீபோட் வாசிக்கிறார்களாம், அது குறையா?

#9 பின்பாட்டு

விருத்தத்தைக் கவனியுங்கள். தாளம் கிடையாது, மிருதங்கம் கைகட்டி இருக்கும். நடிகர் ஒரு அடியைப் பாடி விட, ஆர்மோனியம் அதே பிடியை ஒரு மூச்சுப் பிந்தித் திருப்பிச் சொல்லும். அந்த இடைவெளியில்தான் நடிகர் மூச்சு எடுக்கிறார், முகத்தை மாற்றுகிறார், அடுத்த அடிக்கு எவ்வளவு ஏறலாம் என்று கணக்குப் பார்க்கிறார். விருத்தம் முடிந்து பாட்டு தாளத்தில் விழும்போது மிருதங்கம் எடுக்கிற முதல் அடி சரியாக விழுந்தால் சபை தானாகக் கைதட்டும். முகாரி ராகம் புலம்பலுக்கு வரும். பாம்பு தீண்டும் இடத்தில் புன்னாகவராளி வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மயானத்தில் நாதநாமக்கிரியையும் பொருந்தும். ராகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, குரல் எந்த இடத்தில் உடைகிறது என்று பாருங்கள். நல்ல நடிகர் சுருதியில் நின்றபடி அழுவார். சுருதி விட்டு அழுவதற்கு நாடகம் எதற்கு?

இன்னொன்று தர்க்கம். கூலி கேட்கும் இடத்தில் இருவரும் மாறி மாறிக் கண்ணிகளாகப் பாடுவார்கள். ஒருவர் விட்ட சொல்லை மற்றவர் பிடிக்க வேண்டும். பழைய நடிகர்கள் இதில் சொந்தமாகவும் சேர்ப்பார்கள், அன்றைக்குச் சபையில் எடுபட்டால் நீளும். அழைப்பிதழில் இரண்டரை என்று போட்டது மூன்றாக ஓடினால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஓடியிருக்கும்.

கீபோட் பற்றி. நடிகருக்கு நடிகர் கட்டை மாறும்போது பொத்தான் அழுத்தி மாற்றிவிடலாம், அந்த வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் சத்தம் பெட்டிக்குள்ளால் மட்டும்தான் வரும், மேடையில் இருந்து வராது. ஆர்மோனியக்காரர் மேடை ஓரத்தில் இருந்து தானும் பின்பாட்டுப் பாடி நடிகரைத் தாங்குவது போல் அது தாங்காது. அதனால் மண்டபத்துக்குப் போனதும் ஆர்மோனியம் எந்தப் பக்கம் என்று பார்த்து அந்தப் பக்கத்துக் கதிரையை எடுங்கள்.

கடற்கரை ஊர்களில் ஆர்மோனியத்தைப் பராமரிப்பது தனி வேலை. உப்புக்காற்றில் பித்தளை நாக்குகள் பச்சை பிடிக்கும். பெட்டியின் ஒரு கட்டை (விசை) ஊமையானாலோ சுருதி இறங்கினாலோ நாக்கின் கீழே தூசோ களிம்போ நிற்கிறது என்று அர்த்தம். மெல்லிய கடதாசியை நாக்குக்குக் கீழே விட்டு மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் சரிவரும். சுரண்டினால் உலோகம் குறைந்து சுருதி நிரந்தரமாக மாறும்.

மிருதங்கமும் அப்படித்தான். ஐந்து கட்டைக்கு 22 அங்குல நீளமுள்ள சின்ன மிருதங்கம் எடுப்பார்கள், 24 அங்குலம் தாழ்ந்த சுருதிக்கு. ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், காட்சிக்குக் காட்சி கல்லால் தட்டி ஏற்ற வேண்டி வரும். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ரவை பூசி வைத்ததும் நேரே மின்விசிறிக் காற்றில் விட்டால் காய்ந்து உதிரும். திரைக்குப் பின்னால் தட்டுகிற சத்தம் கேட்டால் நாடகம் பிந்துகிறது என்று முணுமுணுக்காதீர்கள்.

#10 வெள்ளைமணல்

மழைக்காலத்தில் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கூரை தகரமா, சீற்றா, கொங்கிறீற்றா? ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை வாடைமழை இங்கே அறிவித்துவிட்டுக் கொட்டாது. தகரக் கூரையில் ஒரு பாட்டம் மழை விழுந்தால் எந்த மிக்சராலும் வசனத்தைக் காப்பாற்ற முடியாது. சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கடைசியில் கூவல் எடுக்கும்.

திறந்தவெளி என்றால் வேறு தொல்லை. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தென்மேற்குக் கச்சான் காற்று திரையைப் பாய் மாதிரி ஊதும், ஒலிவாங்கிக்குள் 'புஸ்' என்று நிற்கும். ஸ்பொன்ஞ் உறை இரட்டையாகப் போட்டாலும் முழுதாகப் போகாது. கோயில் முன்றலில் சிவராத்திரிக்குப் போடுவது நல்ல காலம். மாசியில் மழை ஓய்ந்திருக்கும், கச்சானும் தொடங்கியிராது.

#11 திரைச்சீலை

சீன் பற்றி யாரும் பேசவில்லையே. பழைய முறையில் பருத்தித்துணியில் வச்சிரம் (பசை) கலந்த பொடிவர்ணத்தால் எழுதி, கீழே கமுகந்தடி வைத்துச் சுருட்டி, கப்பியில் கயிறு விட்டு இழுப்பார்கள். தெரு, தர்பார், காடு, மயானம் என்று நாலு சீன் இருந்தால் எந்த நாடகமும் ஓடும். வச்சிரவர்ணம் ஒளியை உறிஞ்சும், அதனால் நடிகரின் முகம்தான் முன்னுக்குத் தெரியும். இப்போது ஃபிளெக்ஸ் அச்சடித்துத் தொங்கவிடுகிறார்கள். பளபளப்பு, லைற் பட்டால் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக மின்னும். எரிகிற சிதை படம் பெரிதாய் இருக்க, முன்னால் நிற்கிற அரிச்சந்திரன் நிழலாய்த் தெரிவான். பழைய சீனில் ஈரம் பட்டால் வர்ணம் செதில் செதிலாக உரியும் என்பது உண்மைதான். உரிந்த சீன் கூட ஃபிளெக்ஸை விட எனக்குப் பரவாயில்லை.

மயானத்து நெருப்பு: மண்டபத்துக்குள் கற்பூரம் கொளுத்துவது கூடாது, துணித்திரை மேலே தொங்குகிறது. நல்ல குழுக்கள் விறகுக்குள் செம்மஞ்சள் விளக்கை ஒளித்து, சின்ன விசிறி வைத்து, மெல்லிய பட்டுத் துண்டுகளைப் படபடக்க விடுவார்கள். பத்தாம் வரிசையிலிருந்து பார்த்தால் நெருப்பேதான்.

கெடுப்பது புகை மெசின். கிளைக்கோல் புகை தொண்டையை உலர்த்தும், ஐந்து கட்டையில் பாடுகிறவருக்கு அதுதான் எமன். தேவை என்றால் சந்திரமதி வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு, பக்கத்திரைக்குப் பின்னால், மின்விசிறிகளை நிறுத்தி, ஒரே ஒரு முறை. பாடும்போது அடிக்கக்கூடாது.

#12 களரிக்காரன்

கேட்கிறேன், மரபு நாடகம் என்றால் கூத்தல்லவா? வடமோடிக் கூத்து ஒன்றைப் பார்க்காமல் ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்து இதுதான் பழசு என்றால் எப்படி?

#13 சல்லரி

அண்ணை, பழமை என்று பார்த்தால் கூத்துத்தான் மூத்தது, அதில் சண்டை இல்லை. ஆனால் மண்டபத்துக்குள் கொண்டு வந்தால் கூத்துக்குத்தான் கூட நட்டம். வட்டக்களரியில் சனம் நாலு பக்கமும் இருக்கும், ஆட்டம் வட்டமாகச் சுழலும். முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில் சுழலும்போது பாதி நேரம் முதுகுதான் தெரியும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் எல்லாம் மேடையேற்றியபோது விடிய விடிய ஓடுவதை ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்குச் சுருக்கினார், ஆட்டக் கோலங்களையும் முன்பக்கச் சபைக்கு ஏற்ப மாற்றினார். சரச்சந்திரவின் 'மனமே' நாடகம் 1956இல் சிங்களத்தில் செய்து காட்டியதற்குத் தமிழில் வந்த பதில் என்று அதைச் சொல்லலாம்.

மண்டபத்தில் வடமோடி பார்க்கப் போகிறவர் நான் மேலே சொன்ன கதிரையை எடுக்கவே கூடாது. கூத்தில் கால்தான் பேசும், சதங்கைக் கால் தெரிய வேண்டும். பால்கனி இருந்தால் மேலே போங்கள், இல்லாவிட்டால் பின்வரிசை. கரப்புடுப்பின் (வளையம் வைத்த கூத்து உடையின்) விளிம்பு சுழலும்போது வட்டமாக எழுகிறதா, ஒரு பக்கம் சரிகிறதா என்பது அங்கிருந்துதான் தெரியும். அண்ணாவியாரும் (கூத்தைப் பழக்கி நடத்துபவர்) மத்தளமும் சல்லரியும் (கைத்தாளம்) மேடையில் தெரிகிற இடத்தில் நிற்கிறார்களா என்றும் பாருங்கள். பக்கத்திரைக்குள் தள்ளிவிட்டால் ஆட்டக்காரர் தாளக்கட்டைக் கண்ணால் பிடிக்க முடியாமல் தடுமாறுவார்கள்.

#14 களரிக்காரன்

பக்கத்திரைக்குள் தள்ளுகிறது மகா பாவம். அது ஒன்றுக்காகவே மண்டபத்தில் வேண்டாம் என்கிறேன். சரி, இழை மயான காண்டத்துக்கு. விடுகிறேன்.

#15 வெள்ளைமணல்

நேரம் பற்றி உட்துறைமுகவீதிக்கு. 5.30 என்றால் மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை எல்லாம் முடிய ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அம்மாவை 6.15க்குக் கூட்டிப் போனால் போதும், ஆனால் ஒருவர் முன்னமே போய் இடம் பிடிக்க வேண்டும். முடிய ஒன்பதரை, பத்தாகும். மூதூர், கிண்ணியா பக்கம் திரும்புகிறவர்கள் பஸ்ஸை நம்பாமல் வாகனம் பேசிக்கொண்டு வாருங்கள். பிள்ளைக்குச் சாப்பாட்டை முன்பே கொடுங்கள். மயானக் காட்சி நடக்கும்போது மிக்சர்ப் பையைப் பிரிக்கிற சத்தம் பத்து வரிசைக்குக் கேட்கும். (நண்பர் மிக்சர்மேசையைச் சொல்லவில்லை.)

#16 பின்பாட்டு

பிள்ளை பயப்படுமா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பிணம், சுடுகாடு என்று பெரியவர்கள் நினைக்கும் இடத்தில் பிள்ளைகள் அவ்வளவு பயப்படுவதில்லை. பாம்பு தீண்டும் இடத்தில்தான் கையைப் பிடிப்பார்கள், காரணம் சாகிறது தங்கள் வயதுப் பிள்ளை. அடுத்தது கடைசியில் சந்திரமதி மேல் கொலைப்பழி விழுந்து, அவளை வெட்ட அரிச்சந்திரனே வாளை ஓங்கும் இடம். வாள் மாலையாக மாறும், மகன் எழும்புவான் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பபூன் வரும் காட்சிகள் இடையில் வரும், அவை பிள்ளைக்கு மூச்சு விடும் இடம். சில குழுக்கள் நேரம் போதாதென்று முதலில் பபூனைத்தான் வெட்டுகிறார்கள். சிரிப்பு இல்லாமல் இரண்டரை மணித்தியாலம் ஒப்பாரி வைத்தால் பெரியவர்களே நெளிவார்கள்.

#17 உட்துறைமுகவீதி

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளும் இடம் எது? அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அந்த இடத்தில் மட்டும் கையைத் தொட்டுச் சொல்லலாம் என்று பார்க்கிறேன்.

#18 பின்பாட்டு

தாலி. சந்திரமதி கால்பணத்துக்கு வழியில்லை என்கிறாள். அவன் வாய்க்கரிசியை விடுகிறான், மற்ற இரண்டையும் விடமாட்டேன் என்கிறான். அவள் மறுபடியும் கெஞ்சுகிறாள். அப்போது அவன், கழுத்தில் கிடக்கும் தாலியை விற்றுக் கொடு என்பான். அவள் திடுக்கிடுவாள், ஏனென்றால் அந்தத் தாலி கட்டிய கணவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவள் பெற்ற வரம்.

'கழுத்தில்' என்ற சொல் விழுந்ததும் அம்மாவின் கையைத் தொடுங்கள், அதற்குப் பிறகு பேச்சே வேண்டாம். ஆர்மோனியம் அங்கே நிற்கும். நல்ல ஸ்திரீபார்ட் (பெண் வேடக்காரர்) உடனே பாட்டெடுக்க மாட்டார், கை மட்டும் கழுத்துக்குப் போகும். அவசரப்படுகிறவர் அந்த நிறுத்தத்தை விழுங்கிவிட்டு நேரே முகாரிக்குள் பாய்வார். உடலுக்கு எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் கை மறையக் கூடும், சந்திரமதி பெரும்பாலும் உடலின் பக்கம் திரும்பித்தான் நிற்பார். ஆகவே உடலை எங்கே கிடத்துவார்கள் என்று குழுவிடம் முன்பே கேட்க முடிந்தால் கேளுங்கள், ஆர்மோனியப் பக்கத்தை விட அது முக்கியம்.

#19 உட்துறைமுகவீதி

விசாரித்தேன். மேடையின் வலப்பக்கம், பார்ப்பவருக்கு. ஆர்மோனியம் இடப்பக்கம்.

#20 சல்லரி

அப்போ இரண்டுக்கும் பொதுவாக நடுப்பாதையின் இடது ஓரம், ஆறாம் வரிசை. அவர் வலப்பக்கம் திரும்பினாலும் அங்கிருந்து கழுத்து தெரியுமா என்பதை வெள்ளோட்டத்துக்கு யாராவது போனால் பார்த்துச் சொல்லுங்கள்.